வார்ப்பிரும்புச் சட்டியும் விறகுத் தணலும்: ஆறு ஆண்டு அனுபவம்

ஏற்காட்டில் என் சித்தப்பாவுக்குச் சிறிய காப்பித் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு நான்கைந்து முறை குடும்பத்தோடு அங்கே போய்க் கூடாரம் அடித்துத் தங்குகிறோம். அந்த இரவுகளில் திறந்த வெளியில் சமைப்பதற்காகவே 2019-ஆம் ஆண்டு மூடியோடு கூடிய ஐந்து லிட்டர் வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றை வாங்கினேன். இப்போது என்னிடம் இருப்பது இரண்டாவது சட்டி. முதலாவது விரிசல் விட்டுப் போனது. இரண்டையும் சேர்த்து ஆறு ஆண்டுகள் புழங்கிய அனுபவத்தை, வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் அதில் அடிக்கடி சமைப்பது அரிசிம்பருப்புச் சாதம். கொங்கு நாட்டு வீடுகளில் உடல் சோர்ந்த நாளிலும் மழை பிடித்த மாலையிலும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். குளிரும் மூடுபனியுமாக இருக்கும் மலையில், நெய் ஊற்றிய சூடான சாதத்தைத் தட்டில் வாங்கிக்கொண்டு நெருப்பருகே உட்காருவதைவிட இதமான ஒன்றை நான் அறியேன்.

குக்கரில் பழகிய கைக்கு இதில் இரண்டு மாற்றங்கள் தேவைப்பட்டன. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது; ஆகவே துவரம்பருப்பு வேக நேரம் பிடிக்கும். முதல் முறை அரிசி குழைந்த பிறகும் பருப்பு பல்லில் கடிபட்டது. அதன் பின் பருப்பை மட்டும் இரண்டு மணி நேரம் முன்னதாகவே ஊற வைத்து, அரை வேக்காடு வந்த பிறகே அரிசியைச் சேர்க்கிறேன். தண்ணீரின் அளவும் கூடுகிறது: குக்கரில் ஒன்றுக்கு மூன்று என்றால், இங்கே ஒன்றுக்கு நான்கு. இடையில் ஊற்ற நேர்ந்தால் வெந்நீர்தான் ஊற்ற வேண்டும்.

தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், வரமிளகாய், தட்டிய பூண்டு, உரித்து முழுதாகப் போட்ட சின்ன வெங்காயம் என்று தாளிக்கும் கட்டத்தில்தான் இந்தச் சட்டியின் அருமை தெரிகிறது. வார்ப்பிரும்பு சூடேறத் தாமதமாகும். ஏறிய சூட்டை எளிதில் விடாது. காற்று அடித்து நெருப்பு ஒரு பக்கம் சாய்ந்தாலும் வெங்காயம் ஒரே சீராக வதங்குகிறது. முன்பு பயன்படுத்திய அலுமினியப் பாத்திரத்தில் நடுவில் கருகும், ஓரத்தில் பச்சையாகவே கிடக்கும்.

ஆனால் சட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சமைப்பது தணல்தான். இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் சித்தி. “தீ எரியறப்ப வெக்காத கண்ணு, கங்கு விழுகட்டும்” என்று அவர் சொன்னதை முதல் ஆண்டு நான் பொருட்படுத்தாததால் இரண்டு முறை அடிப்பிடித்தது. கவாத்து செய்து உலர்த்திய காப்பி மரக் குச்சிகள் நின்று எரிந்து நல்ல கங்கு தருகின்றன. சில்வர் ஓக் விரைவாகப் பற்றி விரைவாகவே அடங்கிவிடும். மூட்டுவதற்கு மட்டும் அது போதும். நிழலுக்கு வைத்த முள்முருங்கையின் கட்டை புகையைத் தவிர வேறெதுவும் தருவதில்லை. அரளிக் குச்சியை மட்டும் எக்காரணம் கொண்டும் அடுப்பில் வைக்கக் கூடாது. அதன் புகையே நஞ்சு. அடுப்புக் கல்லையும் ஓடையிலிருந்து எடுக்காதீர்கள். நீர் ஊறிய கல் சூட்டில் வெடித்துத் தெறிக்கும்.

அரிசியும் பருப்பும் கொதி அடங்கி மேலே குமிழ்க்கண்கள் தெரியத் தொடங்கியதும், அடியில் இருக்கும் கங்கில் பாதியைக் கரண்டியால் வாரி மூடியின் மேல் பரப்பிவிடுகிறேன். இருபது நிமிடம் தொடுவதில்லை. திறக்கும்போது ஒவ்வொரு வெங்காயமும் தன் உருவம் குலையாமல், தொட்டால் நசுங்கும் பதத்தில் இருக்கும். அடியில் பொன்னிறத்தில் மெல்லிய காந்தல் பிடித்திருக்கும். அதைச் சுரண்டித் தின்ன எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடையே போட்டி. இந்தக் காரணத்தால்தான், வாங்குபவர்கள் மூடி தட்டையாகவும் விளிம்பு சற்று உயர்ந்தும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறேன். குவிந்த மூடியில் கங்கு நிற்காது, திறக்கும்போது சாம்பல் சோற்றில் விழும்.

குறைகளும் உண்டு. முதலாவது எடை: மூடியோடு ஏறத்தாழ ஆறு கிலோ. தோட்டம் வரை வண்டி போவதால் எங்களுக்குச் சரி. முதுகில் சுமந்து நடப்பவர்களுக்கு ஏற்றதல்ல. இரண்டாவது புளிப்பு. தக்காளியும் புளியும், சட்டியைப் பழக்கும்போது (எண்ணெய் தடவிச் சூடாக்கும்போது) படிந்த எண்ணெய்ப் படலத்தை அரித்து, உணவைக் கறுக்கச் செய்து, இரும்பு வாடையும் ஏற்றுகின்றன. சாதத்துக்கு ஒரு தக்காளியோடு நிறுத்திக்கொண்டு, வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுகிறேன். ரசத்துக்கு எவர்சில்வர் பாத்திரமே. ஒருமுறை ஈயச்சொம்பைக் கொண்டு போனோம். அது செய்யப்பட்ட வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும் என்பதால், கங்கின் மேல் நீர் வற்றாமல் அதற்குக் காவல் இருப்பதே பெரும்பாடாயிற்று.

முதல் சட்டி போனது என் தவறால். டிசம்பர் மாத இரவில், காந்தல் எளிதாக விட்டு வரட்டும் என்று சூடு ஆறாத சட்டிக்குள் ஒரு செம்பு குளிர்ந்த நீரை ஊற்றினேன். ‘டக்’ என்று ஓர் ஒலி. விளிம்பிலிருந்து பாதி உயரம் வரை மயிரிழை போன்ற விரிசல். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, திடீரென்று சுருங்கினால் உடையும் என்று விற்ற கடையில் யாரும் சொல்லவில்லை. பழக்கியே தருகிறோம் என்றார்கள், அதுவும் பாதி உண்மைதான். இரண்டாவது சட்டியை நானே பழக்கினேன்: இரண்டு நாள் வடிகஞ்சி ஊற்றி வைத்து, கழுவிக் காய வைத்து, நல்லெண்ணெயைத் தடவி, தடவியது தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்தெடுத்து, புகை அடங்கும்வரை சூடாக்கி, இதையே நான்கு முறை செய்தேன். எண்ணெய் கூடினால் பிசுபிசுப்பு நிற்கும். இன்றைக்கு அதில் தோசையே ஒட்டாமல் வருகிறது.

ஏற்றும் முன் சட்டியின் வெளிப்புறத்தில் சாம்பலும் மண்ணும் குழைத்துப் பூசிவிட்டால், கரி அந்தப் பூச்சோடு கழன்று வந்துவிடும். மாசி பிறந்து சருகு உதிரத் தொடங்கினால், சித்தப்பாவின் சொந்த நிலமாகவே இருந்தாலும், கோடை மழை பெய்யும்வரை நாங்கள் வெளியில் நெருப்பு மூட்டுவதில்லை. மற்ற மாதங்களில், உறங்கப் போகும் முன் கங்கின் மேல் நீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடியும் ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்று உறுதியான பிறகுதான் சித்தப்பா கூடாரத்துக்குள் வருவார்.