ஊரில் நிற்கும் மாருதி 800: இண்டிகேட்டர் சுவிட்ச் வேலையை எங்கே, எப்படிச் செய்வது

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வரும் பலருக்கு வீட்டு ஷெட்டில் ஒரு மாருதி 800 காத்திருக்கும். 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்ற வண்டி என்றாலும் சென்னையில் அதற்குச் சாமான் தட்டுப்பாடு இல்லை. வருஷத்தில் பெரும்பகுதி ஓடாமல் நிற்கும் வண்டியில் அடிக்கடி தகராறு செய்வது இண்டிகேட்டர். சுவிட்சுக்குள் இருக்கும் காண்டாக்ட் (கரண்ட் கடக்கும் உலோகத் தொடுமுனை) அசையாமல் கிடந்தால் களிம்பு ஏறும். கம்பெனியில் வைத்த கிரீஸ் தூசியோடு சேர்ந்து மெழுகாக இறுகும். உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

வேலைக்கு விடுமுன் வீட்டு வாசலிலேயே ஐந்து நிமிடம் சோதித்துப் பாருங்கள். சாவியை ஆன் செய்து, நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாக மின்னவைக்கும் ஹசார்டு சுவிட்சை அழுத்துங்கள். நான்கு மூலையும் ஒழுங்காக மின்னினால் பல்ப், எர்த், விளக்கை விட்டுவிட்டு மின்னவைக்கும் ஃபிளாஷர் எல்லாம் சரி. அப்படியிருந்தும் இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையென்றால் கோளாறு ஸ்டீயரிங் பக்கத்து இண்டிகேட்டர் தண்டுக்குக் கீழே உள்ள சுவிட்சில்தான். இரண்டு பக்கமும் எரியாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள், அடுத்து ஹசார்டு சுவிட்சைப் பாருங்கள். பல பழைய வண்டிகளில் இண்டிகேட்டருக்குப் போகும் கரண்ட் ஹசார்டு சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. வருஷக்கணக்கில் அதை யாரும் அழுத்தாததால் அதன் காண்டாக்ட்டும் களிம்பேறி லைனை அறுத்துவிடும். இருபது முப்பது தடவை அழுத்தி எடுத்தாலே சில வண்டிகளில் இண்டிகேட்டர் திரும்பிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக மின்னினால் அந்தப் பக்கம் ஒரு பல்ப் போயிருக்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னுவது சரியான வேகம். பல்புக்குப் பதில் எல்.இ.டி. போட்டிருந்தாலும் இதே படபடப்பு வரும், ஏனென்றால் முன்னும் பின்னும் 21 வாட் பல்பு இழுக்கும் சுமையைப் பார்த்தே பழைய ஃபிளாஷர் வேலை செய்கிறது. எரிந்தபடியே மின்னாமல் நின்றால் ஃபிளாஷரை மாற்றுங்கள். பின்விளக்கும் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாகத் துடித்தால் பல்ப் ஹோல்டரில் எர்த் துருப்பிடித்திருக்கிறது. இவற்றில் எதற்கும் சுவிட்ச் மாற்றத் தேவையில்லை. ஆனால் சோதிக்காமல் வண்டியை விட்டால் பெரும்பாலும் பில்லில் வருவது புது சுவிட்ச்தான்.

யாரிடம் விடுவது? கம்பெனி சர்வீஸ் சென்டரில் சுவிட்சைத் திறந்து பார்ப்பதில்லை. முழு செட்டையும் மாற்றுவார்கள், கையிருப்பு இல்லையென்றால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று வார லீவில் வந்தவருக்கு அது ஒத்துவராது. இந்த வேலைக்கு என் ஓட்டு, பழைய வண்டி வேலை தெரிந்த தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கே. மெக்கானிக்கிடம் விட்டாலும் அவரும் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடுவார். நேராகப் போய், "அண்ணே, ஹசார்டு எரியுது, லெஃப்ட் இண்டிகேட்டர் மட்டும் எரியல. சுவிட்சைக் கழட்டித் திறந்து பாத்துடுங்க" என்று சொன்னால் பேச்சு சரியான இடத்திலிருந்து தொடங்கும். காலையில் விடுங்கள், கூலியை முன்பே பேசிவிடுங்கள், வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள். ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே செய்துவிடுவது நல்லது. புறப்படும் நாளுக்கு முன்தினம் சாமான் மாற்றினால், அது தவறாக இருந்தால் திருப்பிக் கொடுக்க நேரம் இருக்காது.

சாமானுக்கு மவுண்ட் ரோடை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கழட்டிய சாமானுக்குப் புதுப்பேட்டை. கடையில் கேட்க வேண்டிய பெயர் காம்பினேஷன் சுவிட்ச். வைப்பர், லைட், இண்டிகேட்டர் மூன்றும் ஒரே செட்டாக வரும். வண்டியின் வருஷத்தைச் சொன்னால் மட்டும் போதாது. கனெக்டரின் வடிவமும் பின் எண்ணிக்கையும் மாடலுக்கு மாடல் மாறும், ஆகவே பழைய சுவிட்சைக் கழட்டிக் கையோடு கொண்டுபோய் கடை மேஜையிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லோக்கல் ஐட்டத்தில் தண்டு ஆடும், கிளிக் மொத்தையாக இருக்கும். புதுப்பேட்டையில் கிடைக்கும் கழட்டிய ஒரிஜினல் அதைவிட மேல் என்பது என் எண்ணம். ஆனால் வாங்குமுன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தே ஆகவேண்டும். இடம், வலம் இரண்டு நிலையிலும் ஓம் ஒன்றுக்குக் கீழே காட்ட வேண்டும், தண்டை ஆட்டினாலும் எண் குதிக்கக்கூடாது. மீட்டரும் காண்டாக்ட் கிளீனரும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். தீப்பிடிக்கும் ஸ்பிரே டப்பாவை விமானத்தில் விடமாட்டார்கள் என்பதால் வெளிநாட்டிலிருந்து கிளீனர் வாங்கி வர வேண்டாம்.

இனி வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சக்கரங்களை நேராக வைத்துக்கொள்ள வேண்டும். ஹாரன் பேடை எடுத்ததும் நடுவில் ஸ்டீயரிங் நட்டு தெரியும். அதைத் தளர்த்துமுன் ஷாஃப்டிலும் ஸ்டீயரிங்கிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோடு இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்து, நேராக ஓடும் வண்டியில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மரை விட்டு, புல்லர் (ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தெடுக்கும் கருவி) போட்டு இழுக்க வேண்டும். சுத்தியால் ஷாஃப்டை அடிப்பதை அனுமதிக்காதீர்கள், அந்த அடி கீழே பேரிங் வரை போகும். ஏர்பேக் உள்ள வண்டியென்றால் இதைத் தெருவோரத்தில் செய்யவே கூடாது.

சுவிட்சைத் திறக்கும்போதுதான் பாதிப் பேர் தோற்கிறார்கள். உள்ளே சின்ன ஸ்பிரிங்கும் இரும்பு குண்டும் அழுத்தத்தில் இருக்கும், திறந்ததும் தெறித்துவிடும். ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத் திறந்தால் எதுவும் தொலையாது. ஒவ்வொரு அடுக்கையும் எடுக்குமுன் ஒரு போட்டோ எடுங்கள். பெட்ரோலில் கழுவுவது நம் ஊர் வழக்கம். அது பிளாஸ்டிக்கைக் கெடுக்கலாம், தீ ஆபத்தும் உண்டு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பல்துலக்கும் பிரஷ்ஷைத் தோய்த்துத் தேய்த்தால் போதும். காண்டாக்ட் மேல் எமரி பேப்பர் வேண்டாம், பென்சில் ரப்பரால் தேய்த்தால் களிம்பு போய்விடும். பிறகு எலக்ட்ரிக்கல் காண்டாக்ட் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு, அதிகம் வைத்தால் மறுபடி தூசி ஒட்டும். பின்பக்கம் ஒயர் சோல்டர் விட்டிருந்தால் 25 வாட் அயர்னை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்கக்கூடாது, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகி காண்டாக்ட் சாய்ந்துவிடும்.

திரும்பியபின் தண்டு தானாக நடுவுக்கு வராவிட்டால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கும். அதைப் பசை போட்டு ஒட்டினால் நிற்காது, சுவிட்ச் மாற்றத்தான் வேண்டும்.

சுவிட்ச் உருகியிருந்தால் குற்றவாளி பெரும்பாலும் இண்டிகேட்டர் அல்ல, ஹெட்லைட். ரிலே (பெரிய கரண்டைத் தானே தாங்கும் துணைச் சுவிட்ச்) இல்லாத பழைய வண்டியில் ஹெட்லைட் கரண்ட் முழுக்க இதே சுவிட்ச் வழியாகப் போகும். 60/55 வாட் (ஹை பீம் 60, லோ பீம் 55) பல்பில் லோ பீம் இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். வெளிச்சம் போதவில்லை என்று 100/90 போட்டால் அது 15 ஆம்பியர் ஆகிவிடும். புது சுவிட்சும் அதே கதிக்குத்தான் போகும். ஹெட்லைட் ரிலே கிட் ஒன்றைப் போட்டு, பல்பை 60/55-க்கே திருப்பிவிடுங்கள்.

பூட்டி முடித்ததும் தண்டை இடம் போட்டு ஸ்டீயரிங்கை இடதுபக்கம் திருப்பி மறுபடி நேராக்குங்கள், தண்டு தானாக விழ வேண்டும். வலதுக்கும் அப்படியே. ஹாரன், டிப்பர், வைப்பரின் எல்லா வேகமும் பாருங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டியின் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆய்வுக்குப் போகிறவர்கள் நான்கு மூலை பல்பையும் பகல் வெயிலில், வெளியே நின்று பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.