சர்க்கரையும் வெல்லமும் இல்லாத பழக்கட்டி: மூன்று வருடம் சுட்டுப் பார்த்ததில் தெரிந்தவை

எங்கள் வீடு திருவையாறு பக்கம். சுற்றிலும் வாழைக்கொல்லை. இருந்தும் என் பெண்ணுக்கு ஒன்றரை வயதில் முதன்முதலாக ஸ்நாக் பார் என்று ஒன்றைக் கொடுத்தது தஞ்சாவூரில் கடையில் வாங்கிய பாக்கெட்டிலிருந்துதான். அட்டையில் பெரிய எழுத்தில் சர்க்கரை சேர்க்கவில்லை என்று போட்டிருந்தது. அவள் தூங்கிய பிறகு பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். பேரீச்சை சிரப், அடர்த்தியாக்கிய ஆப்பிள் சாறு, மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) என்று வரிசையாக இருந்தது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, அப்புறம் பார்த்த பல பாக்கெட்டுகளிலும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேன், சிரப், பழச்சாறு, அடர்த்தியாக்கிய சாறு எல்லாவற்றையும் சேர்க்கப்படும் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள், முழுப் பழத்தில் இருக்கும் இனிப்பை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சரி, முழுப் பழத்தை வைத்தே செய்துவிடலாம் என்று 2022 ஆடி மாதம் தொடங்கினேன். அன்றிலிருந்து ஊருக்குப் போகிற வாரம் தவிர மற்ற வாரமெல்லாம் ஒரு தட்டு சுடுகிறேன். இப்போது பெண்ணுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது, பையனுக்கு இரண்டு. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் பழக்கட்டி, பெண் வைத்த பெயர்.

முதலில் அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "வெல்லம் நல்லதுதானேம்மா, நாங்க எல்லாம் வெல்லம் போட்டுத்தானே வளத்தோம், அதை ஏன் ஒதுக்குற?" என்று கேட்டார். "இல்லை அத்தை, வெல்லமும் கரும்புச்சாறுதான், சாறைக் காய்ச்சினதுதான், பல்லுக்கும் நாக்குக்கும் அது சர்க்கரை மாதிரியேதான்" என்றேன். ஒரு மாதம் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் வாக்குவாதம் செய்யவும் இல்லை. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறோம், குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள், அது பண்டிகை. தினம் பள்ளிக்கூடப் பையில் போகிற பண்டம் வேறு. அவ்வளவுதான் நான் சொன்னது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்தில் நான் கற்றது பெரும்பாலும் வாழைப்பழத்தைப் பற்றித்தான். ஓட்ஸா அவலா, நெய்யா எண்ணெயா என்பதெல்லாம் அப்புறம். எந்த ரகம், எத்தனை நாள் பழுத்தது என்பதில்தான் மொத்தமும் இருக்கிறது. காயில் இருக்கும் மாவுச்சத்துதான் பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறுகிறது. அதனால் மஞ்சளாக, பார்க்க அழகாக இருக்கும் பழத்தைப் போட்டால் கட்டி சப்பென்று இருக்கும், குழந்தை ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டில் வைத்துவிடும், உடனே நமக்குக் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை போட்டால் என்ன என்று தோன்றும். அந்த இடத்தில்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் போதும், வேறு எதுவும் தேவையில்லை.

பூவன் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு, ஆனால் அதில் ஒரு புளிப்பு உண்டு, சுட்டால் அந்தப் புளிப்பு தூக்கலாகத் தெரியும். ரஸ்தாளி மணம் பிரமாதம், ஆனால் சில பழத்தில் நடுவே கல் மாதிரி கட்டி விழுந்திருக்கும், எவ்வளவு பிசைந்தாலும் மசியாது, பல் முளைக்கிற குழந்தைக்கு அது ஆகாது. பச்சைப் பழத்தில் தண்ணீர் அதிகம், கட்டி களி மாதிரி ஆகிவிடும். நேந்திரன் தோல் முழுக்கக் கறுத்த பிறகு போட்டால் நன்றாகக் கெட்டிப்படும், ஆனால் எங்கள் பக்கம் நினைத்தபோது கிடைக்காது. நான் கடைசியில் நிலைத்து நின்றது கற்பூரவல்லியில். சாம்பல் பூத்த மாதிரி தோல், உருண்டையான பழம், இந்த ரகங்களில் இனிப்பு அதிகம் இதற்குத்தான். தோலில் கறுப்புப் புள்ளி பரவி, காம்புப் பக்கம் லேசாகச் சுருங்கி, கையில் எடுத்தால் தொளதொளவென்று இருக்க வேண்டும், ஆனால் புளித்த வாடை வரக் கூடாது. அந்த ஒன்றரை நாள் இடைவெளியில் சுட்டுவிட வேண்டும். ஒரு எச்சரிக்கை, கற்பூரவல்லியில் எப்போதாவது மிளகு மாதிரி கறுப்பு விதை இருக்கும். அதனால் மிக்சியில் அடிக்காமல் கையால்தான் பிசைகிறேன், விரலில் தட்டுப்பட்டால் எடுத்துவிடலாம்.

கடையில் வாங்குவதாக இருந்தால் புகைமூட்டம் போட்டுப் பழுத்ததா, மருந்து வைத்துப் பழுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பது நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. அவசரமாகப் பழுக்கவைத்த பழம் தோல் மட்டும் மஞ்சளாகி உள்ளே காயாகவே நிற்கும், பழக்கட்டிக்கு அது எந்த வகையிலும் உதவாது. சீப்பிலிருந்து உதிர்ந்த பழத்தை மண்டியில் தனியாகக் குவித்து மலிவாகக் கொடுப்பார்கள். நான் கேட்டு வாங்குவது அதைத்தான்.

என் அளவு இது. தோலுரித்த கற்பூரவல்லி கால் கிலோ, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 100 கிராம், வறுத்துப் பொடித்த சிவப்பு அவல் 80 கிராம், வறுத்த கேழ்வரகு மாவு 50 கிராம், வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த வேர்க்கடலை 40 கிராம், அரைத்த எள் இரண்டு ஸ்பூன், நெய் மூன்று ஸ்பூன், ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்கு, ஒரு சிட்டிகை உப்பு. பேரீச்சையை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரில் இரண்டு ஸ்பூன் மட்டும் விட்டு விழுதாக அரைக்க வேண்டும். எல்லாம் கலந்து கால் மணி நேரம் வைத்தால் அவல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்பை விடாதீர்கள், உப்பு இல்லாவிட்டால் இனிப்பு எடுபடாது. எள்ளை முழுசாகப் போட்டால் குழந்தைகள் மெல்லாமல் விழுங்கி அப்படியே வெளியே போய்விடும், அதனால்தான் அரைப்பது. வேர்க்கடலையையும் முந்திரியையும் ஒன்றிரண்டாக உடைத்துப் போட வேண்டாம், ஐந்து வயது வரைக்கும் கொட்டைப் பருப்புத் துண்டு தொண்டையில் அடைக்கும் ஆபத்து இருக்கிறது, பொடியாகவே இருக்கட்டும். வேர்க்கடலையோ எள்ளோ இதுவரை சாப்பிடாத குழந்தையாக இருந்தால் முதலில் தனியாகக் கொஞ்சம் கொடுத்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த ரூபத்திலும் வேண்டாம், சுட்டாலும் வேண்டாம்.

பேரீச்சை விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கொட்டை நீக்கியது என்று போட்ட பாக்கெட்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு நாள் பையனுக்கு ஊட்டும்போது நாக்கால் எதையோ வெளியே தள்ளினான். விரலைவிட்டு எடுத்தேன். அரிசி நீளத்தில், ஒரு முனை ஊசி மாதிரி கூராக, பேரீச்சங்கொட்டையின் சில். மிக்சியில் கொட்டை உடைந்து விழுதோடு கலந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு மீதி பதினான்கு துண்டையும் தூக்கிப் போட்டேன். இப்போது பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் ஒவ்வொரு பழத்தையும் இரண்டாகக் கிழித்து, உள்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்துதான் ஊறப்போடுகிறேன். ஐந்து நிமிட வேலை. தயவுசெய்து செய்யுங்கள்.

சுடுவதற்கு 28 லிட்டர் ஓடிஜி (மேலும் கீழும் சூடாகும் கம்பி உள்ள சின்ன மின்சார அடுப்பு) வைத்திருக்கிறேன். கேக் மாதிரி 180 டிகிரி வைத்து முதல் மூன்று நான்கு தட்டு மேலே கருகி நடுவில் வேகாமல் வந்தது. பழத்தில் இருக்கும் சர்க்கரை வெள்ளைச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே சிவக்கும், அதனால் சூட்டைக் குறைக்க வேண்டும். இப்போது 160 டிகிரி, கீழ்க்கம்பி மட்டும் 20 நிமிடம், அப்புறம் இரண்டு கம்பியும் 8 நிமிடம். எட்டு அங்குலச் சதுரத் தட்டில் பட்டர் பேப்பர் போட்டு, ஈரக் கையால் அழுத்திப் பரப்புகிறேன். கத்தி குத்திப் பார்ப்பது இதற்கு உதவாது, பேரீச்சை விழுது எப்போதும் ஒட்டத்தான் செய்யும். ஓரம் பேப்பரிலிருந்து விலகி, நடுவில் விரலால் அழுத்தினால் குழி விழாமல் இருந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். தட்டிலேயே ஒரு மணி நேரம் ஆறட்டும், சூட்டில் வெட்டினால் உதிர்ந்துவிடும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. சாயங்காலம் மின்னழுத்தம் குறைந்தால் அடுப்புக்கு நேரக் கணக்கே பொருந்தாது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் கம்பி கொடுக்கும் சூடு ஏறக்குறைய 60 சதவீதம்தான். ரொம்ப நாள் அடுப்பில்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன். இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கு வைத்துவிடுகிறேன், 28 நிமிடம் என்றால் 28 நிமிடத்தில் முடிகிறது. கத்திரி வெயில் காலத்தில் சமையலறையும் கொதிக்காது.

ஒரு தடவை முளைகட்டிய கேழ்வரகு மாவில் செய்தேன். சத்தும் கூடும், முளைகட்டும்போது மாவுச்சத்து கொஞ்சம் சர்க்கரையாக மாறுவதால் இனிப்பும் கூடும் என்று நினைத்தேன். இனிப்பு உண்மைதான். ஆனால் 40 நிமிடம் ஆகியும் நடுப்பகுதி கோந்து மாதிரியே நின்றது. முளைகட்டிய தானியத்தில் உருவாகும் நொதி, மாவு சூடாகும்போது அதை இளக்கிவிடும், கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும்போது அது நல்லது, கட்டிக்கு ஆகாது. மாவை நன்றாக மணம் வரும்வரை வறுத்தபிறகு பாதிக்குப் பாதி சாதா மாவோடு கலந்து செய்ததில் சரியாக வந்தது. கேழ்வரகை மட்டும் எப்படியும் விடமாட்டேன், 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, பால் குடிக்க மறுக்கிற என் பெண்ணுக்கு அது வேண்டும்.

கெட்டுப்போவதுதான் இதில் பெரிய குறை, அதை மறைக்க விரும்பவில்லை. கடைப் பண்டம் மாதம் கணக்கில் இருக்கிறதென்றால் அதில் ஈரம் ரொம்பக் குறைவு. இதில் பழத்தின் ஈரம் அப்படியே இருக்கிறது. மாசி, பங்குனியில் வெளியே இரண்டு நாள் தாங்கும். முதல் வருடம் ஐப்பசி அடைமழையில் மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தால் அடித்துண்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூசணம். மேலே இருந்தவை பார்க்க நன்றாகத்தான் இருந்தன, அவற்றையும் கொடுக்கக் கூடாது. அதிலிருந்து ஆறின உடனே பதினாறு துண்டாக வெட்டி, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ப்ரீசரில் அடுக்கிவிடுகிறேன். ராத்திரி கீழ்த்தட்டுக்கு இறக்கினால் காலையில் பதமாக இருக்கும். மூன்று வாரம் வரை ருசி மாறவில்லை. மழைக்காலத்தில் மட்டும் வெட்டிய துண்டுகளைப் பிரித்து அடுக்கி 120 டிகிரியில் இன்னொரு 15 நிமிடம் காயவைக்கிறேன், ஓரம் மொறுமொறுவென்று ஆகும், பெண்ணுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். பையனுக்கு மெல்ல முடியாது, அவனுக்கு முதல் பதம்.

வேறு பழங்களும் முயன்றேன். வைகாசியில் மாம்பழச் சதையை அடி கனமான சட்டியில் பாதியாகச் சுண்டவைத்துப் போட்டால் அருமை, சுண்டவைக்காமல் போட்டால் வீண். சப்போட்டா நன்றாக வரும், நிறம்தான் கறுப்பு. பலாவில் நார், குழந்தைகளுக்கு வேண்டாம். பனம்பழத்தை அத்தைதான் செய்து பார்க்கச் சொன்னார், மணம் வீடு முழுக்க நின்றது, ஆனால் அடியில் ஒரு கசப்பு தங்கியது, பெண் தொடவில்லை, அத்தையும் நானும் சாப்பிட்டோம்.

ஒரு தட்டுக்கு மின்சாரம் போக 120 ரூபாய்க்குள் ஆகிறது. பழத்தின் இனிப்பு என்பதால் இஷ்டத்துக்குக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். என் கணக்கில் ஒரு துண்டில் ஏழு கிராம் சர்க்கரையாவது இருக்கும், பேரீச்சை பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். நாளைக்கு ஒரு துண்டு, சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வேண்டும், எங்கள் வீட்டில் இது சட்டம். இரண்டாவது வருடத்திலிருந்து பேரீச்சையை 120 கிராமிலிருந்து 100க்குக் குறைத்தேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் கேக்கின் மேல் கிரீமை ஒரு வாய் வாங்கிவிட்டுப் பெண் என்னிடம் வந்து, "அம்மா, ரொம்ப இனிக்குது, தண்ணி குடு" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காரணம் புரிந்திருக்காது.

இப்போது கொல்லையில் வெட்டிய தார் ஒன்று பின்கட்டில் தொங்குகிறது. மேல் சீப்பில் புள்ளி விழ ஆரம்பித்துவிட்டது, அடிச் சீப்பு இன்னும் பச்சை. அத்தை காலையில் காபி டம்ளரோடு போய் ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னிக்கு வேணாம், வெள்ளிக்கிழமை வை" என்றார்.