சக்கரத்துக்கு முழு மார்க், பிளக்குக்கு முட்டை

பழைய இரும்பில் மேஜை, ஸ்டூல், விளக்கு செய்து விற்கும் பட்டறைகள் கோயம்புத்தூரிலும் வந்துவிட்டன. அப்படி ஒன்றில் மகள் வீட்டு ஹாலுக்காக ஒரு டேபிளும் ஒரு ஸ்டாண்டு விளக்கும் வாங்கினோம். நல்லதும் சொல்ல வேண்டும், கெட்டதும் சொல்ல வேண்டும் என்பதால் கடையின் பெயர் இங்கே வேண்டாம்.

நான் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். ஷோரூமில் மற்றவர்கள் டிசைனைப் பார்த்தார்கள். என் கண்ணுக்கு இது எந்த மெஷினிலிருந்து கழற்றியது என்பதுதான் பட்டது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினின் கியர், வி-பெல்ட் புல்லி, ஆயில் இன்ஜினின் கனத்த ஃபிளைவீல் சக்கரம், நூல் சுற்றும் மரப் பாபின் என்று எல்லாம் தெரிந்த முகங்கள். இந்த ஊரில் இவை கிடைப்பதற்குக் கேட்பானேன்? 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. 1930-களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின் கரண்டு வந்ததும் வரிசையாக மில்கள் எழுந்தன. கூடவே ஃபவுண்டரி, லேத் பட்டறை, பம்புசெட் கம்பெனி. மில்லை மூடினால் மெஷின் எடைக்குப் போகும். பெரும்பாலானது உருக்குவதற்குத்தான். நடுவில் கை நீட்டி நல்ல பாகத்தை எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள்தான் இந்த டிசைனர்கள்.

முதலில் டேபிள். அடியில் ஆயில் இன்ஜின் ஃபிளைவீல் படுக்கையாக இருக்கிறது, நடுவில் ஷாஃப்ட் நிற்கிறது, மேலே 10 மி.மீ. டஃபன்டு கண்ணாடி. விலை 14,500 ரூபாய். அந்தச் சக்கரத்தை எடைக்குப் போட்டால் என்ன வரும் என்று என் மனைவி அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். நான் குனிந்து ஜாயின்ட்டைப் பார்த்தேன். ஃபிளைவீல் வார்ப்பிரும்பு. அதன் மேல் சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடை வைத்து வெல்டிங் அடித்தால் அப்போதைக்குப் பிடித்துக்கொள்ளும். ஆறும்போதோ, பின்னால் ஒரு தட்டு விழும்போதோ பக்கத்திலேயே விரிசல் விடும். நிக்கல் ராடு வேண்டும், சூடு காட்டி மெதுவாக ஆறவிட வேண்டும். இங்கே அந்த வம்பே இல்லை. சக்கரத்தின் பழைய துளையையும் அதிலுள்ள கீவே என்ற காடியையும் அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு அளவாக ஷாஃப்டைக் கடைந்து, காடியில் சாவி என்கிற இரும்புக் கட்டையை அடித்து இறுக்கியிருக்கிறார்கள். இன்ஜினில் எப்படி உட்கார்ந்திருந்ததோ அதே முறை. விளிம்பில் கையை ஓட்டிப் பார்த்தேன், பிசிறு கிடையாது. தரை கீறாமல் இருக்க அடியில் ரப்பரும் உண்டு. மறுபேச்சில்லாமல் பணத்தைக் கொடுத்தேன்.

டிராக்டர் சீட் ஸ்டூல் ஒன்றும் இருந்தது. மகள் ஆர்க்கிடெக்ட், உடனே பாடம் எடுத்துவிட்டாள். இத்தாலியில் காஸ்டிலியோனி சகோதரர்கள் 1957-லேயே டிராக்டர் சீட்டில் ஸ்டூல் வரைந்துவிட்டார்களாம். லண்டனில் ரான் அராட் 1981-இல் காயலான் கடை ரோவர் கார் சீட்டை எடுத்து, சாரத்துக்குப் போடுகிற மாதிரிக் குழாய் ஃபிரேமில் மாட்டி நாற்காலி ஆக்கினாராம். சரி, இருக்கட்டும். இத்தாலிக்காரர்கள் சீட்டுக்கு அடியில் வளைந்த பட்டையைக் கொடுத்திருப்பதை அவள் போனில் படமாகக் காட்டினாள். உட்கார்ந்தால் பட்டை கொஞ்சம் அசைந்து கொடுக்கும். வயலில் டிராக்டர் குலுங்கும்போது டிரைவரின் இடுப்பைக் காப்பாற்றுவதும் அந்த அசைவுதான். நம் கடைக்காரர் சீட்டை எடுத்துக்கொண்டு அசைவை விட்டுவிட்டார். நேராக ஒரு தடிக் குழாய். காபி குடித்து முடிக்கும்வரை கூட உட்கார முடியாது.

அடுத்து விளக்கு, 6,800 ரூபாய். ரிங் ஃபிரேம் கியரில் முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப், மேலே எல்போ, பல்புக்குக் கீழே அலங்காரமாக, பாபினை மாட்டிச் சுழற்றும் ஸ்பிண்டில் ஒன்றும் ஒரு பாபினும். அந்த ஸ்பிண்டில் ஓடிய காலத்தில் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுற்றியது. இப்போது சும்மா நிற்கிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. 4 வாட் எல்இடி ஃபிலமென்ட் பல்பு போட்டால் கியர் பற்களில் மஞ்சள் வெளிச்சம் வரிவரியாக விழும். மகளுக்குப் பிடித்ததே அதுதான்.

ஆனால் பிளக் இரண்டு பின். முழு இரும்பு உடம்பு, எர்த் இல்லை! கேட்டால் கடைப் பையன், "எல்இடி பல்புதானுங்க அங்கிள், ஷாக்கெல்லாம் அடிக்காதுங்க" என்கிறான். தம்பி, பல்பு எதுவாக இருந்தாலும் ஹோல்டர் வரைக்கும் வருவது 230 வோல்ட். வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் பார்த்தேன். பைப்பின் வெட்டிய முனை கத்தி மாதிரி இருக்கிறது. அதன் வழியாக ஒயரை, உரசாமல் காக்கும் புஷ் வளையம் இல்லாமல் இழுத்திருக்கிறார்கள். இன்சுலேஷன் ஓரிடத்தில் உரிந்து செம்பு தெரிந்தது. விளக்கை நகர்த்த நகர்த்த அந்த இடம்தான் தேயும். ஒரு நாள் ஃபேஸ் பைப்பில் தொடும். வெறுங்காலோடு துடைக்க வருகிறவர் கதி என்ன?

போன் செய்ததும் ஆள் அனுப்பினார்கள், அதற்குக் குறை சொல்ல மாட்டேன். மூன்று கோர் ஒயர், மூன்று பின் பிளக், பைப் முனையில் ரப்பர் புஷ், எல்லாம் இலவசம். எர்த் ஒயரின் முனையில் உள்ள லக்கைப் பெயிண்ட் மேலேயே வைத்து போல்ட் போடப் போனார்கள். நிறுத்தி, அந்த இடத்தை எமரியால் தேய்த்து இரும்பு தெரிந்த பிறகு போடச் சொன்னேன். பெயிண்டுக்குள் எர்த் எப்படிப் போகும்? அப்புறம் மல்டிமீட்டர் வைத்துப் பிளக்கின் பெரிய பின்னிலிருந்து (எர்த் பின்) எல்போ வரை கன்டினியூட்டி, அதாவது இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விட்டேன். பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். ஷோரூமில் நிற்கும் விளக்குகளுக்கு இன்னமும் இரண்டு பின்தான். முட்டை போட்டது அதற்குத்தான்.

பெயிண்ட் பற்றியும் சொல்ல வேண்டும். சில சாமான்களில் மெஷினின் பழைய பச்சை பெயிண்டை உரிந்தபடியே விட்டு, அதற்குக் கூடுதல் விலை வைக்கிறார்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் (லெட் என்ற நச்சு உலோகம்) 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில். அந்தக் கால மெஷின் பெயிண்டில் என்ன இருந்தது என்று யார் பார்த்தார்கள்? தவழ்கிற குழந்தை உள்ள வீட்டில் உதிர்கிற பெயிண்ட் வேண்டவே வேண்டாம். முழுக்க உரித்து பவுடர் கோட்டிங் செய்து தரச் சொல்லுங்கள், செய்கிறார்கள். துருவின் மேல் வெறும் லாக்கர் பூச்சு அடித்த சாமான் கோவைக் காற்றுக்குத் தாங்கலாம். சென்னையில் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் எடுக்காதீர்கள்.

டேபிளை யாருக்கும் தைரியமாகச் சொல்வேன். விளக்கு வாங்குகிறவர்கள் மூன்று பின் போட்ட பிறகு பணம் கொடுங்கள். டெலிவரி ஊருக்குள் இலவசம் என்கிறார்கள், ஆனால் வண்டி நிற்பது வாசலோடு சரி. லிஃப்ட் இல்லாத மாடி வீடு என்றால் ஃபிளைவீலைத் தூக்க ஆள் கூலி தனி. பில் போடும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.