மோனோபோலிப் பலகை: பிள்ளைகளுக்குப் பணம் கற்பிக்குமா?

பிள்ளைகளுக்குப் பணத்தைக் கையாளக் கற்றுத்தர விரும்பும் பெற்றோர் பலர், உண்டியலுக்கு அடுத்தபடியாக வாங்குவது மோனோபோலிப் பலகையைத்தான். பகடை உருட்டிக் காய் நகர்த்தி, காய் நிற்கும் மனையை விலைக்கு வாங்கி, பிறகு அங்கே வந்து நிற்பவரிடம் வாடகை வசூலிக்கும் ஆட்டம் இது. எட்டு வயது முதல் ஆடலாம் என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். பொழுதுபோக்கு என்ற வகையில் அதன் நிறைகுறைகளைப் பலரும் எழுதிவிட்டார்கள். தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் பழக்கம் ஒரு பிள்ளைக்கு வரவேண்டும் என்பதற்காக இதை வாங்கினால் அந்த நோக்கம் எந்த அளவுக்கு நிறைவேறும் என்பதை மட்டுமே இந்த மதிப்புரையில் பார்க்கிறேன். சொத்து வேறு, கையில் இருக்கும் ரொக்கம் வேறு என்ற ஒரு பாடத்தை இந்தப் பலகை கற்பிப்பதுபோல் வேறெந்த விளையாட்டுப் பொருளும் கற்பிப்பதாக எனக்குத் தெரியவில்லை. சேமிப்பைப் பற்றியோ இது ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை.

முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான பதிப்பில் ஒவ்வொருவருக்கும் 1,500 விளையாட்டுப் பணம் தரப்படுகிறது. 1 முதல் 500 வரை ஏழு மதிப்புகளில் நோட்டுகள் இருக்கின்றன. பலகையில் 40 கட்டங்கள்; அவற்றுள் 28 விலைக்கு வாங்கக்கூடியவை. ஒரே நிறத்து மனைகள் முழுவதும் ஒருவர் கைக்கு வந்தபின் அவற்றில் வீடு கட்டலாம். ஆரஞ்சு நிற மனைகளை எடுத்துக்கொள்வோம். அவை மூன்று; அவற்றில் ஒரு வீடு கட்ட 100 ஆகும். அவற்றுள் ஒரு மனையில் இரண்டு வீடுகள் இருந்தால் வாடகை 200. மூன்றாவது வீடும் எழும்பிவிட்டால் அதுவே 550. கூடுதலாகப் போட்ட ஒரு நூறு, ஒவ்வொரு முறையும் 350 கூடுதலாகக் கொண்டுவருகிறது என்பதை அட்டையில் அச்சிட்ட வாடகைப் பட்டியலிலிருந்து ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது, அடுத்த நூறை எங்கே போடுவது என்ற கேள்வி யாரும் சொல்லித்தராமலேயே அதன் மனத்தில் எழுகிறது.

கண்டுபிடித்த உற்சாகத்தில் பிள்ளை செய்வது என்னவென்றால், கையிலிருந்த 940இல் 900ஐ எடுத்து, மனைக்கு மூன்றாக ஒன்பது வீடுகளையும் ஒரே மூச்சில் கட்டிவிடுகிறது. பலகையில் அதுவே பெரும் பணக்காரர், கையில் 40தான். அடுத்த சுற்றில் 200 கட்டச் சொல்லும் வருமான வரிக் கட்டத்தில் காய் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு இருக்கும் மனையை அடகு வைக்க விதி இடம் கொடுப்பதில்லை. கட்டிய வீட்டை வங்கியிடம் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். அடகு வைக்க வேறு மனை இல்லாவிட்டால், குறைகிற 160ஐத் திரட்ட நான்கு வீடுகளை விற்றாக வேண்டும். நானூறு போட்டுக் கட்டியவை இருநூறுக்குப் போகின்றன. கையிருப்பு என்று ஒன்றை ஏன் ஒதுக்கி வைக்கவேண்டும் என்பதை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் ஏறாத பிள்ளைக்கு, அந்தப் பச்சை வீடுகள் நான்கும் பலகையிலிருந்து எடுக்கப்படும் அந்த ஒரு நிமிடத்தில் விஷயம் விளங்கிவிடுகிறது. இழப்பு காகிதப் பணத்தில் என்றாலும் வருத்தம் நிஜமானதாகவே இருக்கும். பெரியவர்கள் அப்போது இரக்கப்பட்டு வரியைத் தள்ளுபடி செய்யாமல் இருந்தால் போதும்.

வங்கியாளர் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்பதிலும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அதைப் பெரியவர் ஒருவர் எடுத்துக்கொள்வார். வேலை வேகமாக நடக்கும் என்பதற்காக. ஆனால் சில்லறை கொடுப்பதும், கணக்கைச் சரிபார்ப்பதும், தன் பணத்தையும் பொதுப் பணத்தையும் கலக்காமல் தனித்தனியே வைத்துக்கொள்வதும் அந்தப் பொறுப்பில்தான் பழக்கமாகின்றன. ஆட்டம் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கலாம். வங்கியில் நோட்டுத் தீர்ந்துபோனால் சாதாரணக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று விதிப்புத்தகமே அனுமதிப்பதைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பார்கள். பணம் என்பது என்ன என்ற பேச்சைத் தொடங்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

இனிக் குறைக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் காலத்துக்கு மதிப்பே இல்லை. கையில் வைத்திருக்கும் ரொக்கத்துக்கு வட்டி கிடையாது. 200 விலையுள்ள மனையை அடகு வைத்தால் 100 கிடைக்கும், மீட்கும்போது 110 கட்டவேண்டும். அந்தப் பத்து, ஒரு சுற்றில் மீட்டாலும் பத்துச் சுற்று கழித்து மீட்டாலும் அதே பத்துதான். கடன் நீள நீள வட்டி ஏறும் என்பதும், சேமிப்பு வளர வளர வட்டிக்கும் வட்டி சேரும் என்பதும் ஒரு பிள்ளை பணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டிய அடிப்படைகள். அவை இரண்டும் இங்கே இல்லை. பொறுமையாகக் காத்திருந்து, வேண்டாத மனையை விட்டுக்கொடுத்து, பணத்தைச் சேர்த்துவைக்கும் பிள்ளை பெரும்பாலும் தோற்கும். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கும் பிள்ளை பெரும்பாலும் வெல்லும். வேண்டியதற்கும் ஆசைப்பட்டதற்கும் இடையில் தேர்ந்தெடுக்கும் பயிற்சியை எதிர்பார்த்து இதை வாங்குவோர் நேர் எதிரான பயிற்சியைத்தான் பெறுவார்கள்.

இதில் பலகையை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது, ஏனெனில் சிக்கனத்தைக் கற்பிக்கவென்று அது பிறக்கவில்லை. அமெரிக்கப் பெண்மணி எலிசபெத் மேகி 1904இல் காப்புரிமை பெற்ற ‘நிலக்கிழார் ஆட்டம்’தான் இதன் மூலம். நிலத்தைக் கையில் வைத்திருப்பவர் வாடகையாலேயே செழிப்பதையும் மற்றவர் ஒட்டாண்டியாவதையும் எடுத்துக்காட்டி, அந்த முறையைக் கண்டிப்பதே அவர் நோக்கமாக இருந்தது. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மோனோபோலி என்ற பெயரில் வெளியிட்டபோது கண்டனம் போய்க் கொண்டாட்டம் மட்டும் எஞ்சியது. கடைசியில் ஒருவர் தவிர எல்லோரும் திவாலாகவேண்டும் என்ற முடிவு ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று கேட்கும் பிள்ளையிடம் இந்த வரலாற்றைச் சொல்லலாம்.

வாங்கியவர்கள் கெடுத்துக்கொள்ளும் இடமும் ஒன்று உண்டு. எனக்கு அதிகக் குறை அதில்தான். ஒரு மனையில் காய் நின்றவர் வாங்க மறுத்தால் அதை உடனே ஏலம் விடவேண்டும் என்று விதி சொல்கிறது. பலர் அந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை. ஏலத்தை விட்டுவிட்டால், ஒரு பொருளுக்குத் தன் மனத்தில் ஒரு விலையை வைத்துக்கொண்டு அதற்குமேல் போகாமல் நிறுத்திக்கொள்ளும் பயிற்சி, அதாவது இந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒரே கட்டுப்பாட்டுப் பயிற்சி, போய்விடுகிறது. அடுத்து, வரியாகக் கட்டும் பணத்தையெல்லாம் பலகையின் நடுவில் குவித்துவைத்து, இலவச நிறுத்தக் கட்டத்தில் நிற்பவருக்கு அள்ளிக் கொடுக்கும் வழக்கம். விதிப்படி அந்தக் கட்டத்தில் ஒன்றும் கிடையாது. வங்கிக்குத் திரும்பவேண்டிய பணம் மீண்டும் ஆட்டக்காரர் கைக்கே வருவதால் யாரும் திவாலாவதில்லை, ஆட்டம் மணிக்கணக்கில் இழுக்கிறது, திட்டமிட்டவரைவிட அதிர்ஷ்டசாலியே முந்துகிறார். ஒரு ஆட்டத்தை இப்படியும் அடுத்ததை விதிப்படியும் ஆடவிட்டு, பணப்புழக்கம் கூடும்போது ஏலத்தில் அதே மனைகளின் விலை எப்படி ஏறுகிறது என்று கவனிக்கச் சொன்னால், பணவீக்கம் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எளிதாகப் புரிந்துகொள்ளும்.

பதிப்புகளைப் பொறுத்தவரை என் தேர்வு காகித நோட்டு உள்ள பழைய வடிவம்தான். அட்டையை இயந்திரத்தில் செருகினால் அதுவே கூட்டிக் கழித்துவிடும் பதிப்பில் ஆட்டம் விரைவாக முடியும். ஆனால் நோட்டுக்கட்டு மெலிவதைக் கையால் உணர்வதும் சில்லறை எண்ணுவதும் இல்லாமல் போகின்றன. சிறு பிள்ளைகளுக்கான ஜூனியர் பதிப்பு ஐந்து வயதுக்காரர்களுக்கு எண்ணிப் பழக உதவும், அதற்குமேல் இல்லை. யாருக்கும் சொந்தமாகாத கட்டத்தில் நின்றால் அதை வாங்கியே ஆகவேண்டும் என்பதால் அங்கே முடிவெடுக்க எதுவுமே கிடையாது.

ஆகவே, கைச்செலவுப் பணம் கொடுத்து அதன் கணக்கைப் பிள்ளையே எழுதிவரும் வீட்டில் இது நல்ல துணைப்பொருள். அப்படி எதுவும் தொடங்காத வீட்டில் இதை மட்டும் வாங்கிவைத்துப் பயனில்லை. மாதக் கடைசியில் பணம் தீர்ந்துபோய் நிற்கும் அனுபவத்தைக் கைச்செலவுப் பணம்தான் தரும், பலகை தராது.

வாங்குவோருக்கு ஒரு யோசனை. ஆட்டத்தைக் கடைசி ஆள்வரை இழுக்காமல் நேரம் வைத்து நிறுத்தும் முறையும் உண்டு. முதலில் தோற்ற சிறுபிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கவேண்டிய தொல்லை அதில் இல்லை. மணி அடித்ததும் ஒவ்வொருவரும் தம் ரொக்கத்தை எண்ணி, மனைகளை அச்சிட்ட விலைக்கும், அடகில் இருப்பவற்றைப் பாதி விலைக்கும், வீடுகளை வாங்கிய விலைக்கும் கணக்கிட்டுக் கூட்டவேண்டும். கூட்டுத்தொகை அதிகமுள்ளவரே வெற்றியாளர். இந்தக் கூட்டலைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். தாளில் இரண்டு பத்தி பிரித்து, கையிலுள்ள பணத்தை ஒன்றிலும் சொத்தின் மதிப்பை மற்றொன்றிலும் எழுதச் சொன்னால், அடகு வைத்த மனைக்கு நேரே பாதித் தொகையை எழுதவேண்டி வரும்போது “ஏன் பாதிதான்?” என்று அதுவே கேட்கும்.