ஜன்னலா, யூவி விளக்கா, ஹெபா பெட்டியா?

டோக்கன் நம்பர் கூப்பிடும்வரை ஓபி கூடத்தில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முப்பது பேரும் ஒரே காற்றைத்தான் மாற்றி மாற்றி இழுக்கிறார்கள். அந்தக் காற்றில் பரவும் கிருமியைத் தடுக்க எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஜன்னல் திறக்கிறதா என்றுதான்.

பெருவின் லிமா நகர மருத்துவமனைகளில் அளந்தே பார்த்தார்கள். 2007இல் வெளியான ஆய்வு அது. கதவு, ஜன்னலைத் திறந்துவைத்த அறைகளில் காற்று மணிக்கு சுமார் 28 முறை மாறியது. மெஷின் வைத்துக் காற்றை இழுத்த தனிமை அறைகளில் 12 முறை. 1950க்கு முந்தைய, உயரமான கூரை போட்ட கட்டடங்களில் 40! கொசு, தூசி, மழைச்சாரல் என்று ஜன்னலுக்கும் தொல்லைகள் உண்டு. காற்றடிக்காத நாளில் கணக்கே மாறிவிடும். ஆனாலும் ஸ்பிளிட் ஏசியைவிட எவ்வளவோ மேல். அது உள்ளே இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திருப்பி ஊதுகிறது. போதாக்குறைக்கு, 'ஏசி ஓடுகிறது, கதவை மூடவும்' என்று ஒரு தாள்.

ஜன்னலுக்கு வழியில்லாத அறையில் என் ஓட்டு யூவி விளக்குக்கு, அதாவது கிருமியைக் கொல்லும் புற ஊதாக் கதிர் விளக்குக்கு. தலைக்கு மேலே, ஏழடி உயரத்தில் மாட்டுவது. அதே லிமாவில் டிபி வார்டுக் காற்றை மாடியிலிருந்த கினிப்பன்றிகளுக்கு அனுப்பினார்கள். விளக்கு இல்லாதபோது 35 சதவீதத்துக்குத் தொற்று; விளக்கோடு 9.5. கூடவே மின்விசிறி சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் கீழ்க்காற்று மேலே போகாது. ஒரு ஏமாற்று வேலையும் உண்டு: சக்தி குறைந்த பிறகும் விளக்கு நீலமாக எரிந்துகொண்டேயிருக்கும். தூசி துடைக்க வேண்டும், கெடு முடிந்தால் மாற்ற வேண்டும்.

ஹெபா என்பது காற்றிலுள்ள நுண்துகளைப் பிடிக்கும் பில்டர்; 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். விளம்பரத்தில் அதைத்தான் போடுவார்கள். ஆனால் அதைப் பொருத்திய பெட்டிக்குள் எவ்வளவு காற்று போகிறது? 20க்கு 15 அடி, பத்தடி உயரக் கூடத்தில் சுமார் 85 கன மீட்டர் காற்று. மணிக்கு 250 கன மீட்டர் தள்ளும் பெட்டி மூன்று முறைதான் சுத்தம் செய்யும். இரைச்சல் என்று ஸ்பீடைக் குறைத்தால் அதுவும் போச்சு. எலும்பு மஜ்ஜை மாற்று வார்டு என்றால் பேச்சே வேறு. அங்கே ஜன்னல் வழியாக வரும் பூஞ்சை வித்தே ஆளைக் கொல்லும். ஹெபாதான் வேண்டும்.

கிருமியைக் கொல்ல அறையை மூடிப் போடும் பார்மலின் புகை இந்தப் போட்டியிலேயே இல்லை. ஆள் இல்லாத அறையில் போடுவது. மறுநாள் முதல் ஆள் இருமியதும் தீர்ந்தது.

எதையும் வாங்குமுன் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி நோயாளி உட்காரும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். புகை டாக்டர் முகத்துக்கு வந்தால், செலவில்லாமல் முதலில் நாற்காலிகளை மாற்றிப் போடலாம்.