ஊரடங்குல வாங்குன பல்லாங்குழிப் பலகை: 11 மாசம் ஆடிப் பாத்துட்டு எழுதறேன்

2021ல கொரோனாவால மறுபடியும் முழு ஊரடங்கு போட்டப்ப, மே 24லருந்து காய்கறிகூட வண்டியில தெருவுக்கே வந்துச்சு, பசங்கள வெச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள என்ன பண்றதுன்னு தெரிஞ்சவங்க நாலஞ்சு பேரு கேட்டாங்க. எல்லாருக்கும் நான் சொன்னது ஒண்ணுதான், பல்லாங்குழி. அதுக்கு முந்தின வருஷம் எங்க வீட்ட அது எப்படி தாங்குச்சுன்னு சொன்னாதான் நான் ஏன் இவ்ளோ சொல்றேன்னு புரியும்.

எங்க அப்பத்தா சிவகங்கை பக்கம், வயசு 81. 2020 மார்ச்ல ஒரு காதுகுத்துக்கு சென்னை வந்தவங்க, 24ஆம் தேதி சாயங்காலம் 6 மணிக்கு 144 போட்டதும் எங்க வீட்லயே தங்கிட்டாங்க. முதல் ரெண்டு மாசம் டிவியில எண்ணிக்கை சொல்றதப் பாத்துப் பாத்து சரியா சாப்பிடறதையே விட்டுட்டாங்க. ஜூன் ஆரம்பத்துல ஆன்லைன்ல இந்தப் பலகைய ஆர்டர் போட்டேன், ஷிப்பிங் சேத்து 650 ரூபா. 19ஆம் தேதி சென்னையில திரும்ப முழுசா மூடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கைக்கு வந்துச்சு.

முதல்ல குறைய சொல்லிடறேன். மடிக்கிற மாதிரி பலகை, நடுவுல ரெண்டு கீல், அதுல ஒரு ஸ்க்ரூ வரும்போதே லூசு, மூணே வாரத்துல கழண்டு விழுந்துடுச்சு. வார்னிஷ் வாடை போக ரெண்டு நாள் மொட்டை மாடியில வெயில்ல காய வெச்சேன். சோழி 70 இருக்கணும், 14 குழிக்கு அஞ்சஞ்சு, எண்ணிப் பாத்தா 61தான். விக்கிறவங்களுக்கு மெயில் போட்டேன், பதிலே இல்ல. அப்பத்தா அலட்டிக்கவே இல்ல, "எதுக்குத்தா அவன்கிட்ட மல்லுக்கட்டுற, புளி ஆயும்போது கொட்டைய எடுத்து வையி"ன்னு சொல்லி ஒம்போது புளியங்கொட்டைய கழுவித் தொடச்சு போட்டாங்க. கொஞ்ச நாள்ல சோழியெல்லாம் தூக்கி வெச்சுட்டு முழுக்க புளியங்கொட்டைதான். குழி ஆழம் கம்மி, அதுல சோழிய அள்ளினா விரலுக்கு சிக்காம வழுக்கும், வயசானவங்க கைக்கு புளியங்கொட்டை நல்லா அடங்குது. ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும், அழகா இருக்குன்னு குன்றிமணி மட்டும் வாங்காதீங்க, சின்னப் புள்ளைங்க கடிச்சு முழுங்கிட்டா கடுமையான விஷம்.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா. உங்க பக்கம் 7 குழி, எதிராளி பக்கம் 7. உங்க குழி ஒண்ணுல இருக்கறத அள்ளி அடுத்தடுத்த குழியில ஒவ்வொண்ணா போட்டுட்டே போங்க, கையில இருக்கறது தீந்ததும் அடுத்த குழிய எடுத்து தொடரணும். அடுத்தது வெறுங்குழியா இருந்தா அதத் தொடச்சுட்டு அதுக்கு அடுத்த குழியில இருக்கறது உங்களுக்கு, அதோட எதிராளி முறை. வெறுங்குழியில சேந்து சேந்து நாலு வந்துட்டா அது பசு, அந்தக் குழிக்காரங்க எடுத்துக்கலாம். என் பொண்ணுக்கு அப்ப 8 வயசு, பசு வந்துச்சுன்னா ஹாலே அதிரும்.

எனக்கு இந்த ஆட்டத்துல உயிரான இடம் வேற. ஒரு சுத்து முடிஞ்சதும் அவங்கவங்க ஜெயிச்ச காய வெச்சு அவங்க பக்கத்து குழிய அஞ்சஞ்சா நிரப்பணும், நிரப்ப முடியாத குழிய மூடிட்டு இருக்கற குழிய வெச்சே ஆடலாம். எங்க வீட்டு வழக்கப்படி ஒரு குழி நிரப்பக்கூட அஞ்சு காய் இல்லன்னா இருக்கற ரெண்டு மூணு காய குழிக்கு ஒண்ணா வெச்சு ஆடணும், எதிராளியும் ஒண்ணொண்ணுதான் வெக்கணும், அதுக்குப் பேரு கஞ்சி காய்ச்சறது. அப்பத்தா ரெண்டே காய் வெச்சு கஞ்சி காய்ச்சி, மறுநாள் மத்தியானத்துக்குள்ள மூடுன குழியெல்லாம் திருப்பி எடுத்தத நான் கண்ணால பாத்தேன்.

ஜூலையில ஊர்ல சித்தப்பாவுக்கு பாசிட்டிவ், அரசு ஆஸ்பத்திரியில 12 நாள், அதுல நாலு நாள் ஆக்சிஜன். தினம் ராத்திரி 8 மணிக்கு மேல சித்தி போன் பண்ணுவாங்க, அது வர்ற வரைக்கும் எங்க எல்லாருக்கும் வயித்துல புளியக் கரைக்கும். அப்பத்தா ஏழு மணிக்கே பலகைய விரிச்சு "வாத்தா, கொட்டையப் போடு"ன்னு என் பொண்ண கூப்பிட்டு உக்கார வெச்சுடுவாங்க. தோல் சுருங்குன விரல் ஒவ்வொரு கொட்டையா டக் டக்குன்னு விடும், உதடு எண்ணிக்கிட்டே இருக்கும், கண்ணு மட்டும் அப்பப்ப போன் பக்கம் போகும். ஆக்சிஜன எடுத்துட்டாங்கன்னு சித்தி சொன்ன அன்னைக்கு கையில இருந்தத குழியிலயே வெச்சுட்டு முந்தானைய வாயில பொத்திக்கிட்டு அழுதாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு "யாரு முறை"ன்னு கேட்டாங்க. அவ்ளோதான், எனக்கு இந்தப் பலகை தங்கம்.

தொற்று வந்து தனியா அறையில இருக்கறவங்களுக்கும் இது ஆகும், சீதைப் பாண்டின்னு ஒருத்தரே ஆடறது இருக்கு, அசோகவனத்துல சீதை ஆடினதா சொல்வாங்க. அதுக்குன்னு தனி செட் வெச்சுக்கோங்க. கடைக்குப் போக முடியலன்னா தரையில சாக்பீஸால 14 வட்டம் போட்டு புளியங்கொட்டைய வெச்சு ஆரம்பிச்சுடுங்க, பலகை வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்.

செப்டம்பர் 1லருந்து தமிழ்நாட்டுக்குள்ள இ-பாஸ் வேணாம்னு ஆனதும் அப்பத்தா ஊருக்குக் கிளம்பினாங்க, பலகையும் அவங்களோடயே போயிடுச்சு, சித்தப்பா கீலுக்கு புது ஸ்க்ரூ போட்டுட்டாரு. எங்களுக்கு மடிக்காத ஒரே கட்டையில செஞ்சது ஒண்ணு அப்புறமா வாங்குனோம், குழி நல்ல ஆழம். மாசக்கணக்கா ஆடறதா இருந்தா 200 ரூபா கூட ஆனாலும் அந்த மாதிரியே வாங்குங்க. இப்ப ஞாயித்துக்கிழமை வீடியோ கால் போட்டு அவங்க பலகையில அவங்களும் எங்க பலகையில நாங்களும் ஒரே ஆட்டத்த ஆடறோம், போன வாரம் என் பொண்ணுக்கு மூணு குழி மூடியிருக்கு.