முளைகட்டிய பயறு: பச்சையா, பாக்கெட்டா, ஆவியில் வெந்ததா?

நன்றாக அலசிவிட்டால் முளைப்பயறைப் பச்சையாகவே சாப்பிடலாம் என்று டயட் சொல்கிற எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை, அதுவும் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால்.

வீட்டிலேயே துணியில் கட்டி முளைக்க வைப்பதை முதலில் பார்ப்போம். நம் கைப்பட செய்வது, சுத்தமாகத்தான் இருக்கும் என்று தோன்றும், ஆனால் கோளாறு பயறிலேயே வருகிறது. மளிகைக்கடைப் பயறு வேகவைத்துச் சாப்பிடுவதற்கென்று விற்பது. வயல், களம், சாக்கு, குடோன் என்று வரும் வழியில் எங்கேயாவது சாணமோ எலிப்புழுக்கையோ பட்டிருந்தால், சால்மோனெல்லா, ஈ.கோலை மாதிரி வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் பயறின் தோலில் இருக்கும் நுண்ணிய வெடிப்புக்குள் புகுந்துகொள்ளும், காய்ந்த பயறில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதை நாம் ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, சமையலறை வெக்கையில் ஒரு நாள் முழுக்க தொங்கவிடுகிறோம். ஈரம், கதகதப்பு, பயறிலிருந்து கசியும் சத்து எல்லாம் கிடைப்பதால் முளையோடு சேர்ந்து கிருமியும் லட்சக்கணக்கில் பெருகும். அதன்பிறகு தண்ணீரில் அலசினாலும் சரி, உப்பு, மஞ்சள், வினிகர் போட்டாலும் சரி, மேலே ஒட்டியதில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமி பரவியதை நினைத்துப் பாருங்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய்மேல் பழி போட்டார்கள், கடைசியில் எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தை முளைக்க வைத்ததுதான் காரணம் என்று தெரிந்தது. அதற்குள் 3,800 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, 50க்கும் அதிகமானவர்கள் இறந்துபோனார்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது.

கடை பாக்கெட்? பெரிய நிறுவனங்கள் சில விதையைக் குளோரினில் ஊறவைக்கின்றன, அது கிருமியைக் குறைக்குமே தவிர முழுதாக ஒழிக்காது. 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை, வெளியே தட்டில் அடுக்கி வைத்திருந்தால் தொடவே வேண்டாம். அடியில் தண்ணீர் கோத்து, வால் பழுத்து, பிசுபிசுவென்று புளிப்பு வாடை அடித்தால் கெட்டுப்போச்சு என்று யாருக்கும் தெரியும். ஆனால் நம்மை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கிருமிக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. வெள்ளை வெளேரென்ற முளையிலும் இருக்கலாம்.

என் ஓட்டு ஆவியில் வெந்ததற்குத்தான். இட்லித் தட்டில் மெல்லிசாகப் பரப்பி (குவித்தால் நடுவில் சூடு ஏறாது), ஆவி நன்றாக வந்தபின் ஐந்தாறு நிமிடம், நடுவிலிருந்து ஒன்றை எடுத்து நசுக்கினால் உள்ளேயும் சுடச்சுட இருக்க வேண்டும். வைட்டமின் சி கொஞ்சம் குறையும், அதை மேலே பிழியும் எலுமிச்சையில் எடுத்துக்கொள்ளலாம். புரதமும் நார்ச்சத்தும் எங்கேயும் போகாது, வயிற்றுப் பொருமலும் குறைவு.

கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், வயதானவர்கள், கீமோ எடுப்பவர்கள் இவர்களுக்கு மற்ற இரண்டும் வேண்டவே வேண்டாம். வெந்ததையும் மாலை வரை மேஜையில் விட்டுவைக்காதீர்கள், மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.